சாலிகிராமம் ஸ்டுடியோவில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்: போகலாமா?

தென்காசி_ட்ராக்ஸ்:

வணக்கம். நான் சென்னையில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், சொந்த ஊர் தென்காசி பக்கம். பிளஸ் ஒன் படிக்கும்போதிருந்து எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் டிராக் செய்து வருகிறேன், பெரும்பாலும் ஹவுஸ், டெக்னோ என்ற எலக்ட்ரானிக் நடன இசைதான், நடுவில் நம் ஊர் பறைக்கொட்டு எதையாவது கொண்டு வந்து சேர்க்கப் பார்ப்பேன். இந்த செமஸ்டரில் எட்டு வாரம் இன்டர்ன்ஷிப் முடித்துச் சான்றிதழ் வைக்க வேண்டும். இரண்டு இடம் கிடைத்திருக்கிறது, எது என்று முடிவு செய்ய முடியாமல் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

முதல் இடம் சாலிகிராமத்தில் ஒரு மியூசிக் புரோகிராமரின், அதாவது கம்ப்யூட்டரில் தாளமும் இசையும் அமைப்பவரின் ஸ்டுடியோ. சினிமாப் பாட்டு, ஆர்ஆர் (படத்தின் பின்னணி இசை), கொஞ்சம் வெப் சீரிஸ். ஒரே ரூம்தான், அவரும் இன்னொரு அண்ணனும் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. எட்டு வாரம் போதாது, மூன்று மாதம் இருக்க வேண்டும் என்கிறார்கள். மதியம் 2 மணிக்கு வர வேண்டும், முடியும் நேரம் என்று ஒன்று இல்லை. லேப்டாப்பையும், என்னிடம் இருக்கும் சாம்பிள் லைப்ரரியை (பாட்டில் சேர்க்க வைத்திருக்கும் சத்தங்களின் தொகுப்பு) ஹார்ட் டிஸ்கில் போட்டும் கொண்டு வரச் சொன்னார்கள். நான் செய்வது ஏதாவது பாட்டில் வந்தால் பெயர் வருமா என்று கேட்டேன். முதலில் வேலையைக் கற்றுக்கொள், அதெல்லாம் அப்புறம் பார்ப்போம் என்றார்.

இரண்டாவது ஆழ்வார்பேட்டையில் விளம்பரப் படங்களுக்கு ஒலி வேலை செய்யும் இடம். மாதம் 8,000 ரூபாய், காலை 10 முதல் மாலை 6 வரை. ஆனால் வேலை முழுக்கக் குரல் வெட்டுவது, மூச்சுச் சத்தம் எடுப்பது, ஒரே விளம்பரம் ஆறு மொழியில் வரும்போது அத்தனையையும் அதே நேரத்துக்குள் பொருத்துவது. இசை பக்கம் வரவே வராது என்று அவர்களே நேராகச் சொல்லிவிட்டார்கள்.

ஹாஸ்டல் கேட்டை 9.30க்கு மூடிவிடுவார்கள். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மூன்று மாதம் வெளியே ரூம் எடுக்க அவரிடம் பணம் கேட்பது கஷ்டம், கேட்டால் எப்படியாவது கொடுத்துவிடுவார் என்பது அதைவிடக் கஷ்டம். ஆனாலும் மனசு சாலிகிராமத்தில்தான் இருக்கிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அங்கே உண்மையில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? எஃப்எல் மட்டும் தெரிந்தவன் போய் நிற்கலாமா?


ரிதம்_ரூம்:

தம்பி, நான் பதினொரு வருடமாகப் புரோகிராமிங் செய்கிறேன், எல்லாம் வடபழனி, சாலிகிராமம் சுற்றித்தான். அதனால் அந்த ரூம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உட்கார வைத்து யாரும் பாடம் எடுக்க மாட்டார்கள். முதல் மாதம் முழுக்க ஃபைல் வேலைதான் வரும். பேக்கப் எடுப்பது, டிராக்குக்குப் பெயர் வைப்பது, மிக்ஸுக்கு அனுப்ப ஸ்டெம் பிரிப்பது, அதாவது ஒவ்வொரு வாத்தியத்தையும் தனி ஃபைலாக எடுப்பது. இதைக் கேட்டு மனசு விட்டுவிட வேண்டாம், நான் கற்றுக்கொண்டதில் பாதி அங்கேதான். ஒரு பாட்டின் செஷனை, அதாவது அதன் புராஜெக்ட் ஃபைலைத் திறந்தால் நூறு டிராக் சாதாரணமாக இருக்கும், அதில் கிக் டிரம் மட்டுமே மூன்று இருக்கும், ஒன்று அடிவயிற்றில் உணரும் கீழ் ஒலிக்கு, ஒன்று நடுவில் உடம்புக்கு, ஒன்று போன் ஸ்பீக்கரில்கூடக் கேட்க வேண்டிய அந்த 'டக்'குக்கு. ஒவ்வொன்றையும் சோலோ செய்து (அதை மட்டும் ஒலிக்கவிட்டு) பவுன்ஸ், அதாவது ஆடியோ ஃபைல் எடுக்கும்போது அந்த மனுஷன் ஏன் இப்படி அடுக்கினார் என்று காதுக்குத் தானாகப் புரிய ஆரம்பிக்கும். யூடியூபில் பார்ப்பது பாடம் நடத்துவதற்காகச் செய்த செஷன். இங்கே நீங்கள் பார்க்கப் போவது டைரக்டர் மூன்று தடவை மாற்றச் சொல்லி, பல்லவி இடம் மாறி, பாதி டிராக் மியூட்டில் கிடக்கும் செஷன்.

ஸ்டெம் எடுப்பதற்கு ஒழுங்கு உண்டு. வயலின் இரண்டாவது சரணத்தில்தான் வருகிறது என்றாலும் அதன் ஃபைல் முதல் பாரில் (பாட்டின் முதல் தாளச் சுற்றில்) இருந்தே தொடங்க வேண்டும், அப்போதுதான் மிக்ஸ் இன்ஜினியர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டதும் தானாகச் சேரும். பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற வேகம்), ஸ்ருதி இரண்டும் ஃபைல் பெயரிலேயே இருக்க வேண்டும். ரிவெர்ப் (எதிரொலி) போட்டது ஒன்று, போடாதது ஒன்று. நீங்கள் வீட்டில் 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலி அளவீடு) என்று பழகியிருப்பீர்கள், அது சிடி காலத்துக் கணக்கு, படத்துக்குப் போவது எல்லாம் 48, 24 பிட். 44.1 ஃபைல் ஒன்று 48 என்று தப்பாக எடுத்துக்கொள்ளப்பட்டு ஓடினால் ஸ்ருதி கிட்டத்தட்ட முக்கால் கட்டை ஏறிவிடும், வேகமும் கூடும். பாடகர் கிளம்பிப் போன பிறகு இதைக் கண்டுபிடித்த ஒரு ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆர்ஆர் வேலை கிடைத்தால் விடாதீர்கள். நொடிக்கு 24 ஃப்ரேம், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஃப்ரேம் சரியாக 2,000 சாம்பிள். 120 பிபிஎம்மில் ஒரு பீட் 12 ஃப்ரேம். எடிட்டர் ரீலை மறுபடி வெட்டி நடுவில் ஏழு ஃப்ரேம் எடுத்துவிட்டார் என்று வையுங்கள், கதவு திறக்கும்போது விழ வேண்டிய அடி அரை பீட்டுக்கு மேல் பிந்தி விழும். டெம்போவை யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் ஏற்றுவதா, ஒரு பாரை நறுக்குவதா, அடியை மட்டும் நகர்த்தி மற்றதை விட்டுவிடுவதா என்று அந்த நேரத்தில் முடிவெடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். இது புத்தகத்தில் வராது.

எஃப்எல் பற்றிக் கவலை வேண்டாம். இங்கே லாஜிக் மென்பொருள்தான் அதிகம், ஏபிள்டன் லைவும் கியூபேஸும் உண்டு, மெனு எங்கே இருக்கிறது என்பது இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். இசைக் கருவியும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள 1983இல் வந்த மிடிதான் இன்றும் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது, அதில் வெலாசிட்டி (அடியின் பலம்) எங்கே போனாலும் 127க்கு மேல் போகாது. பறை சேர்ப்பதாகச் சொன்னீர்கள், அதற்கு ஒன்று சொல்கிறேன். லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் பதிவை) எடுத்து நாலு கிக் மேல் ஒட்டாதீர்கள். பறையின் இரண்டு குச்சியையும் அடிக்குச்சி ஒரு டிராக், சிண்டுக்குச்சி ஒரு டிராக் என்று பிரித்து நீங்களே அடித்து எழுதுங்கள். இரண்டும் கிரிட்டில் (திரையில் தாளத்தைப் பிரிக்கும் கட்டங்களில்) ஒரே மாதிரி உட்காரக் கூடாது, சிண்டுக்குச்சியின் வெலாசிட்டி அடிக்கு அடி மாற வேண்டும். அதேபோல சிந்தசைசரில் நம் ஊர் மெட்டு வாசிக்கப் போகிறீர்கள் என்றால் பிட்ச் பெண்ட் (ஸ்வரத்தை வளைப்பது) எல்லையைப் பாருங்கள், பெரும்பாலும் மேலே இரண்டு கீழே இரண்டு அரைஸ்வரம் என்றுதான் வைத்திருப்பார்கள். ஸவில் இருந்து பவுக்கு ஒரு ஜாரு (வழுக்கிப் போகும் கமகம்) இழுக்கவே ஏழு அரைஸ்வரம் வேண்டும்.

என் முடிவு, சாலிகிராமம் போங்கள். ஆனால் மூன்று மாதம் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள், எட்டு வாரம் என்று சொல்லுங்கள், பிடித்தால் நீட்டிக்கலாம்.


கேபிள்_கலா:

வேலை விவரம் எல்லாம் ரிதம்_ரூம் அண்ணா சொன்னது சரி. முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை.

நானும் இப்படி ஒரு ரூமில் நாலு மாதம் இருந்தேன். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. சம்பளம் இல்லை, சாப்பாடு சில நாள் அவர்கள் வாங்குவார்கள், பல நாள் இல்லை. ஒரு ராத்திரி அவசரமாக ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கு டிராக் வேண்டும் என்று வந்தது, சார் வெளியூரில் இருந்தார், நான் உட்கார்ந்து பேஸ் லைனும் ஒரு ஆர்பெஜியோவும் (கார்டின் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக வருவது) செய்தேன், விடிகாலை நாலு மணிக்கு அனுப்பினோம். அப்படியே ஒரு ஸ்வரம் மாறாமல் டிவியில் வந்தது. என் பெயர் எங்கும் இல்லை, பரவாயில்லை, விளம்பரத்தில் யார் பெயரும் வராது. ஆனால் அடுத்த மாதம் வேறு இடத்தில் வேலை கேட்கப் போனபோது இதை நான் செய்தேன் என்று காட்ட என்னிடம் எதுவுமே இல்லை. செஷன் அவர்கள் மெஷினில். கேட்டேன், தரவில்லை. அந்த விளம்பரம் ஓடும்போதெல்லாம் அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார், எனக்கு அழுகை வரும்.

ராத்திரி பற்றியும் பேச வேண்டும். 11 மணிக்கு மேல் மெட்ரோ கிடையாது. ஒரு மணிக்கு வேலை முடிந்து ஆட்டோவுக்கு 250 ரூபாய் கொடுத்து மாதத்துக்கு 15 நாள் போனால், நீங்கள் சம்பளம் வாங்காமல் வேலை செய்யவில்லை, காசு கொடுத்து வேலை செய்கிறீர்கள். பெண்ணாக இருந்தால் இதில் வேறு பயமும் சேரும், அதனாலேயே என்னோடு கோர்ஸ் முடித்த இரண்டு பேர் இந்த வேலையே வேண்டாம் என்று போய்விட்டார்கள். இரண்டு பேருக்கும் என்னைவிட நல்ல காது.

ஆழ்வார்பேட்டையை ஏன் சின்னதாக நினைக்கிறீர்கள்? குரல் வெட்டுவதில் ஒரு மாதம் இருந்து பாருங்கள். ஒரு வார்த்தையின் நடுவில் இரண்டு டேக்கை (தனித்தனியாகப் பேசிப் பதிந்ததை) ஒட்டி யாருக்கும் தெரியாமல் செய்வது, 'ஸ' எங்கே காதைக் குத்துகிறது என்று பார்க்காமலே சொல்வது, 30 நொடிக்குள் தெலுங்கு வசனம் தமிழைவிட நீளமாக வரும்போது எங்கே மூச்சைச் சுருக்குவது, இதெல்லாம் எடிட்டிங்தான், பாடகரின் பத்து டேக்கில் இருந்து ஒரு டேக் செய்வதும் இதே வேலைதான். நான் இப்போது பாட்டு ஸ்டுடியோவில் இருப்பதே குரல் எடிட்டிங் தெரிந்ததால். ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள், ஹாஸ்டலுக்கு வந்து உங்கள் டிராக்கைச் செய்யலாம். மாதம் 8,000 வரும். அப்பாவிடம் கேட்க வேண்டாம்.


பிரிவு_17:

சட்டம் படித்தவன், பதிப்புரிமை (காப்பிரைட்) வழக்குகளில் உதவியாளராக இருக்கிறேன். கலா சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆவது பிரிவு, படைப்பை உருவாக்கியவரே முதல் உரிமையாளர் என்று தொடங்குகிறது. ஆனால் அதிலேயே 'சி' உட்பிரிவு, வேலை ஒப்பந்தத்திலோ தொழில் பழகுநராகவோ இருக்கும்போது அந்த வேலையின் போக்கில் செய்த படைப்புக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை, வேலை கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர் என்கிறது. 'தொழில் பழகுநர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சம்பளமே இல்லாத கல்லூரி இன்டர்ன் அதில் வருவாரா என்பது வாதம் செய்ய வேண்டிய விஷயம், ஆனால் வாதம் செய்ய நீதிமன்றம் வரை யார் போகப் போகிறார்கள்? அதனால் 'வேறு மாதிரி ஒப்பந்தம்' என்ற அந்த வார்த்தைகளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்.

பழகுநர் என்ற கணக்கில் நீங்கள் வரவில்லை என்றால் உரிமையை அவர்களுக்கு மாற்றித் தர 19ஆவது பிரிவின்படி எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதவில்லை என்றால் ஐந்து வருடம், எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும். 57ஆவது பிரிவு இன்னும் முக்கியம். உரிமையை முழுக்க எழுதிக் கொடுத்த பிறகும் இதை உருவாக்கியது நான்தான் என்று சொல்லும் உரிமை உருவாக்கியவரிடமே இருக்கிறது. கலா, உங்களுக்கும் அது பொருந்தலாம். அன்றைக்கு அனுப்பிய மெயில், வாட்ஸ்அப் செய்தி ஏதாவது போனில் இருந்தால் அழிக்காதீர்கள்.

சாம்பிள் லைப்ரரியைக் கொண்டு வரச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. காசு கொடுத்து வாங்கிய சாம்பிள் பேக் பெரும்பாலும் ஒரு ஆளுக்கான உரிமம், ராயல்டி இல்லை என்று போட்டிருந்தால் அதை உங்கள் பாட்டில் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று பொருள், இன்னொருவர் கம்ப்யூட்டரில் காப்பி போடலாம் என்று பொருள் இல்லை. நீங்களே ஊரில் பதிவு செய்த கொட்டுச் சத்தம் ஏதாவது இருந்தால் அதை எடுத்துப் போகவே போகாதீர்கள். அது உங்கள் சொத்து, அதோடு அதில் வாசித்தவருக்கும் உரிமை இருக்கிறது.


காது_முக்கியம்:

லைவ் சவுண்ட் வேலை செய்கிறேன், இடது காதில் நாலு வருடமாக ஒரு கீச்சு சத்தம் நிற்காமல் இருக்கிறது. எங்கே போனாலும் இதை மட்டும் செய்யுங்கள். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம்தான் கணக்கு, 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகிவிடும், 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு மணி. சின்ன ரூமில் சப்வூஃபரை ஏற்றி வைத்து மதியம் 2 மணியில் இருந்து நடுராத்திரி வரை உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். இன்டர்ன் எழுந்து போகிறான் என்று யாராவது முறைத்தால் முறைக்கட்டும்.


ரிதம்_ரூம்:

கலா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் தொடங்கியபோது என் மாமா வீடு விருகம்பாக்கத்தில் இருந்தது, வாடகை கிடையாது, ராத்திரி எத்தனை மணிக்குப் போனாலும் அத்தை சோறு மூடி வைத்திருப்பார். அது இல்லை என்றால் நானும் மூன்று மாதத்தில் ஊருக்குப் போயிருப்பேன். அதை நினைக்காமல் போங்கள் என்று எழுதிவிட்டேன், தப்புதான்.

தம்பி, நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். நேரம், பெயர் இரண்டையும் அவர்கள் எழுதித் தந்தால் சாலிகிராமம். தரவில்லை என்றால் ஆழ்வார்பேட்டை. எழுதும்போது பெரிதாக எதுவும் வேண்டாம். எட்டு வாரம், வாரத்துக்கு இத்தனை நாள், இரவு 9 மணிக்கு விட வேண்டும், நீங்கள் செய்த பகுதி வெளியே போனால் கூடுதல் புரோகிராமிங் என்று பெயர், பெயர் போட வழியில்லாத வேலை என்றால் நீங்கள் செய்ததை வேலை தேடும்போது போட்டுக் காட்ட அனுமதி. இதோடு ஒன்று சேருங்கள், வாரத்தில் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் டிராக்கைக் கேட்டுச் சொல்ல வேண்டும். சம்பளம் இல்லாத இடத்தில் சம்பளம் அதுதான். அந்த ஒரு மணி நேரத்தைத் தர மறுக்கிறவர் வேறு எதையும் தர மாட்டார்.


தென்காசி_ட்ராக்ஸ்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கலா அக்கா, உங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டு அப்பாவிடம் போனில் பேசினேன், பணம் பற்றி முதல் தடவையாக வெளிப்படையாகப் பேசினோம்.

நேற்று சாலிகிராமம் போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன், சரி என்றார். ஒரு பாட்டுக்கு ஸ்டெம் எடுக்கும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. ரிதம்_ரூம் அண்ணா சொன்ன மாதிரியே மூன்று கிக் இருந்தது. சோலோ போட்டுக் கேட்டபோது மூன்றாவது கிக் தனியாக ஒன்றுமே இல்லாத மாதிரி, வெறும் கதவைத் தட்டும் சத்தம் மாதிரி இருந்தது, அதை மியூட் செய்ததும் மொத்தப் பாட்டும் ஒரு அடி பின்னால் போன மாதிரி ஆகிவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

8.45க்குக் கிளம்புகிறேன் என்றேன், ஹாஸ்டல் பற்றிச் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் செருப்பு போடும்போது எட்டு வாரம், 9 மணி, பெயர், வாரம் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் வாயால் சொன்னேன், சாம்பிள் லைப்ரரி கொண்டு வர முடியாது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெயிலில் அனுப்பு, பார்க்கிறேன் என்றார். ஆழ்வார்பேட்டையில் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். மெயிலில் எப்படி எழுதுவது? ரொம்ப சட்டம் பேசுகிற மாதிரி இருந்தால் கோபப்படுவாரோ என்று பயமாக இருக்கிறது.


பிரிவு_17:

சட்டப் பிரிவு எண் எதுவும் போட வேண்டாம். நேற்று நாம் பேசியபடி என்று தொடங்கி, வாசலில் சொன்ன அதே நாலு விஷயத்தையும் சொன்ன மாதிரியே எழுதுங்கள், சரி என்றால் ஒரு வரி பதில் போடுங்கள் என்று முடியுங்கள். அவர் 'ஓகே' என்று ஒரு வார்த்தை அனுப்பினாலும் அது எழுத்துதான்.


கேபிள்_கலா:

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இன்றிரவே அனுப்பிவிடுங்கள் தம்பி. ஞாயிறு சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, பதில் வரவில்லை என்றால் திங்கள் காலையில் ஆழ்வார்பேட்டைக்குச் சரி என்று சொல்லிவிடுங்கள். எது ஆனாலும் இங்கே வந்து எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.